'தயா, கதவை உடை!' - 1,547 எபிசோடு ஓடிய 'சிஐடி' உருவானது எப்படி? அரியலூருக்கு வந்த நிஜ சிஐடி என்ன செய்தது?

ஒரு கொலை. ஒரு பூட்டிய கதவு. விரல்களைக் காற்றில் சுழற்றியபடி 'இதுல ஏதோ தப்பு இருக்கு' என்று யோசிக்கும் ஒரு அதிகாரி. அடுத்த 40 நிமிடத்தில் குற்றவாளி கையில் விலங்கு. இந்தி தெரியாதவர்களுக்கும் இந்தக் காட்சி தெரியும். டிவியில் பார்க்காதவர்கள்கூட மீம்ஸில் பார்த்திருப்பார்கள்.

இந்தியத் தொலைக்காட்சியில் மிக நீண்ட காலம் ஓடிய க்ரைம் தொடர்களில் ஒன்று 'சிஐடி'. இது எப்படி உருவானது? இருபது வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தது? அதில் காட்டுவதெல்லாம் நிஜத்தில் நடக்குமா? நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் நடந்த ஒரு நிஜ சிஐடி வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், வாங்க.

சுருக்கமாக:

* 1998 ஜனவரி 21 அன்று சோனி டிவியில் தொடங்கிய 'சிஐடி', 2018 அக்டோபர் 27 வரை 1,547 எபிசோடுகள் ஓடியது.
* ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பர் 21 அன்று மீண்டும் வந்தது.
* டிவியில் 40 நிமிடத்தில் முடியும் வழக்கு, அரியலூர் மாவட்டம் சுத்தமல்லி சிலைத் திருட்டில் தீர்ப்பு வரவே 14 வருடம் எடுத்தது.
* கதவை உடைப்பது, அறைந்து உண்மையை வாங்குவது, 'உனக்குத் தூக்கு' என்பது... இதில் சட்டப்படி எது சரி, எது தப்பு என்பதும் இந்தக் கட்டுரையில் உண்டு.

யார் மூளையில் உதித்த தொடர் இது?

'சிஐடி' தொடரை உருவாக்கியவர் பி.பி.சிங். புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். மும்பை தூர்தர்ஷனில் கேமராமேனாக வேலை பார்த்தவர். பின்னாளில், 2018-ல், தான் படித்த அதே திரைப்படக் கல்லூரியின் தலைவராகவும் நியமிக்கப்பட்டார்.

'சிஐடி'க்கு முன்பே அவருக்கு போலீஸ் கதைகளில் பழக்கம் உண்டு. தூர்தர்ஷனில் 'ஏக் ஷூன்ய ஷூன்ய' என்ற மராத்தி தொடரை இயக்கினார். தலைப்புக்கு அர்த்தம் 'ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்'. அதாவது 100, போலீஸை அழைக்கும் எண். அதில் நடித்த சிவாஜி சாட்டம்தான் பிறகு 'சிஐடி'யில் ஏசிபி பிரத்யுமன் ஆனார். 1995-ல் சோனியில் வந்த 'ஆஹட்' என்ற திகில் தொடரும் பி.பி.சிங் கைவண்ணம்தான்.

1990-களின் நடுப்பகுதி கேபிள் டிவி வீட்டுக்கு வீடு நுழைந்த காலம். நம்ம பக்கம் 1993-ல் சன் டிவி வந்தது. இந்தியில் 1995-ல் சோனி வந்தது. புது சேனல்களுக்குப் புது மாதிரி நிகழ்ச்சி தேவைப்பட்டது. குடும்பச் சண்டை, மாமியார் மருமகள் கதைகளுக்கு நடுவே வாரம் ஒரு கொலை வழக்கு என்ற யோசனை எடுபட்டது.

நடிகர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

இந்தத் தொடரின் பலமே பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாததுதான்.

* சிவாஜி சாட்டம் (ஏசிபி பிரத்யுமன்): வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே நாடகத்தில் நடித்தவர். ஷங்கர் 'முதல்வன்' படத்தை இந்தியில் 'நாயக்' என்று எடுத்தபோது அதிலும் நடித்தார்.
* தயானந்த் ஷெட்டி (தயா): வட்டு எறிதல் வீரர். விளையாட்டில் காயம்பட்ட பிறகு நடிப்புப் பக்கம் வந்தவர். கதவை உடைக்கும் வேலை இவருக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை.
* ஆதித்யா ஸ்ரீவஸ்தவா (அபிஜீத்): ராம் கோபால் வர்மாவின் 'சத்யா'வில் நடித்தவர். 'சிஐடி'யில் முதலில் ஒரு எபிசோடில் குற்றவாளியாக வந்தவர், பிறகு அதிகாரியாகவே நிலைத்துவிட்டார்.
* நரேந்திர குப்தா (டாக்டர் சாலுங்கே): ஆய்வகத்தில் நின்று ஏசிபியோடு வம்பிழுத்துக்கொண்டே முடிச்சை அவிழ்ப்பவர்.
* தினேஷ் பட்னிஸ் (ஃப்ரெட்ரிக்ஸ்): சிரிப்புக் காட்டும் அதிகாரி. சில எபிசோடுகளை எழுதவும் செய்தார். 2023 டிசம்பரில் காலமானார்.

ஆரம்ப கால எபிசோடுகளில் இன்ஸ்பெக்டராக வந்த இன்னொருவரைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 'லகான்' படத்தை இயக்கிய அஷுதோஷ் கோவாரிகர்தான் அவர்.

கதை எழுதும் ஃபார்முலா என்ன?

ஒவ்வொரு வழக்கும் தனித்தனி. நேற்று பார்க்காதவர் இன்று உட்கார்ந்தாலும் புரியும். இது மெகா சீரியலுக்கு நேர் எதிரான பாணி. மெகா சீரியலில் பத்து நாள் பார்க்காவிட்டாலும் கதை அதே இடத்தில் நிற்கும் என்பது வேறு விஷயம்!

அதிகாரிகளின் வீட்டுக் கதை பெரும்பாலும் வராது. காதல், கல்யாணம், பாட்டு எதுவும் கிடையாது. விதிவிலக்காக வந்த கதைகளில் முக்கியமானது, குற்றவாளியாகிப்போன தன் மகனையே ஏசிபி பிரத்யுமன் சுட வேண்டிய கட்டாயத்துக்கு வருவது. அதுபோன்ற எபிசோடுகள் எப்போதாவது வந்ததால்தான் மனசில் நின்றன.

கொலைதான் கதை என்றாலும் ரத்தம் அதிகம் தெறிக்காது. குழந்தைகள் முதல் தாத்தா பாட்டி வரை ஒரே ஹாலில் உட்கார்ந்து பார்க்கலாம். 'கொலையாளி யார்?' என்று வீட்டுக்குள் பந்தயம் கட்டலாம். இந்தக் குடும்ப விளையாட்டுதான் தொடரின் அஸ்திவாரம்.

20 வருடம் 9 மாதத்தில் 1,547 எபிசோடு என்றால் வருடத்துக்குச் சராசரியாக 74. ஒரு எபிசோடு 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மொத்தத்தையும் தூங்காமல் கொள்ளாமல் பார்த்து முடிக்க 43 நாள் ஆகும்.

111 நிமிடம், ஒரே ஷாட்

2004 நவம்பர் 7 அன்று ஒளிபரப்பான ஒரு எபிசோடு இந்தத் தொடரை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. 111 நிமிடம், நடுவில் ஒரு வெட்டு கூட இல்லை. கேமரா ஓடத் தொடங்கியது, கதை முடிந்த பிறகுதான் நின்றது. அந்த வருடம் அக்டோபரில் படமாக்கப்பட்ட இது, வெட்டு இல்லாத மிக நீளமான தொலைக்காட்சி ஷாட் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தது.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? நூறாவது நிமிடத்தில் ஒருவர் வசனத்தை மறந்தால் மறுபடி முதலில் இருந்து. விளக்கு, மைக், கேமராவைத் தூக்கிக்கொண்டு நடப்பவரின் தோள்பட்டை, எல்லாமே 111 நிமிடம் தாங்க வேண்டும். வாராவாரம் அவசரத்தில் எடுக்கும் டிவி குழு இதைச் செய்து காட்டியதுதான் பெரிய விஷயம்.

கிண்டலே விளம்பரம் ஆன கதை

விமர்சனங்களும் குறைவில்லை. ஒரு முடியை வைத்துப் பெயர், ஊர், வேலை எல்லாம் கண்டுபிடிப்பது, கேட்ட மறு நொடியில் டிஎன்ஏ ரிப்போர்ட், அழைப்பு மணி இருக்கும்போதும் கதவை உடைப்பது என்று ரசிகர்களே பட்டியல் போட்டுச் சிரித்தார்கள்.

ஆனால் அந்தச் சிரிப்புதான் தொடரை இன்னொரு தலைமுறைக்குக் கொண்டுபோனது. சமூக வலைத்தளங்கள் வந்ததும் ஏசிபியின் கை அசைவும், தயாவின் கதவும் மீம்ஸ் ஆனது. 2014-ல் வந்த 'சிங்கம் ரிட்டர்ன்ஸ்' இந்திப் படத்தில் தயானந்த் ஷெட்டியை வைத்தே அந்தக் கதவு ஜோக்கைப் பயன்படுத்தினார்கள். டிவியே பார்க்காத பையன்களுக்கும் 'தயா' யார் என்று தெரிந்தது இப்படித்தான்.

2018-ல் தொடர் நின்றபோது ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். 2024 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2025 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸுக்கும் போனது. அதே வருடம் ஏப்ரலில் ஏசிபி பிரத்யுமன் குண்டுவெடிப்பில் இறந்துவிட்டதாகக் கதையில் காட்ட, இணையமே கொந்தளித்தது. சில வாரங்களில் அந்தக் கதாபாத்திரம் உயிரோடு திரும்பியது.

பிரிட்டனில் எப்படி?

நீண்ட காலம் ஓடும் க்ரைம் தொடர்களுக்கு பிரிட்டன்தான் தாய் வீடு மாதிரி. 'டாகர்ட்' 1983 முதல் 2010 வரை ஓடியது. லண்டனில் ஒரு கற்பனைக் காவல் நிலையத்தைச் சுற்றி நடக்கும் 'தி பில்' 1984 முதல் 2010 வரை. தடயவியல் மருத்துவர்களைப் பற்றிய 'சைலன்ட் விட்னஸ்' 1996-ல் தொடங்கியது. அழகான கிராமங்களில் வாரம் தவறாமல் கொலை விழும் 'மிட்சமர் மர்டர்ஸ்' 1997-ல் தொடங்கியது. அதில் முதல் துப்பறிவாளராக நடித்த ஜான் நெட்டில்ஸ் 2011-ல் விலக, அவருடைய உறவுக்காரராக இன்னொரு துப்பறிவாளரைக் கொண்டுவந்து தொடரை நடத்தினார்கள்.

இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஒரு வருடத்துக்கு ஒரு சில எபிசோடுகளோடு முடித்துக்கொள்ளும் தொடர்கள் நிறைய. 'மிட்சமர்' அந்த வகை. ஒரு கதைக்கு ஒன்றரை மணி நேரம், ஆற அமர எடுப்பார்கள். 'சிஐடி' வாராவாரம் ஓடியாக வேண்டும். கதையில் ஓட்டை விழுவதற்கு அந்த வேகமும் ஒரு காரணம்.

தமிழில் ஏன் இப்படி ஒரு தொடர் இல்லை?

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 90-களின் 'மர்ம தேசம்' யாருக்கு மறக்கும்? கே.பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பு, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். சேத்தன், தேவதர்ஷினி நடித்த 'விடாது கருப்பு' பகுதியில், ஊரில் நடக்கும் சாவுகளுக்குக் காரணம் காவல் தெய்வமா, மனுஷனா என்பதுதான் கேள்வி. எல்லையில் கருப்பு நிற்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் புதுசு இல்லை.

ஆனால் 'மர்ம தேசம்' வாரம் ஒரு வழக்கு இல்லை, ஒரு பெரிய மர்மத்தை மாதக்கணக்கில் அவிழ்ப்பது. துப்பறிவது போலீஸ் மட்டும் இல்லை, டாக்டர், பத்திரிகைக்காரர், சொந்தக்காரர் என்று யார் வேண்டுமானாலும். பிறகு தமிழ் சேனல்களில் தினசரி மெகா சீரியல்கள் நேரத்தைப் பிடித்துக்கொண்டன. க்ரைம் கதைகள் ஓடிடி வந்த பிறகுதான் திரும்பின: 2021-ல் 'நவம்பர் ஸ்டோரி', 2022-ல் 'விலங்கு', 'சுழல்', 'வதந்தி'. இவையும் ஒரே வழக்கைப் பல எபிசோடுகளில் சொல்பவைதான். வாரம் ஒரு வழக்கு என்று வருடக்கணக்கில் நிற்கும் தமிழ்க் காவல் குழு இன்னும் வரவில்லை.

நிஜத்தில் 'சிஐடி' என்றால் என்ன?

குற்றப் புலனாய்வுத் துறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் சிஐடி. தொடரில் மும்பையில் இருப்பதாகக் காட்டுகிறார்கள். நிஜத்தில் மகாராஷ்டிரா சிஐடியின் தலைமையகம் புனேயில் இருக்கிறது. மும்பை மாநகரப் போலீஸுக்குத் தனியாகக் குற்றப்பிரிவு உண்டு.

தமிழ்நாட்டில் 'சிஐடி' என்ற பெயரோடு ஒன்றல்ல, பல பிரிவுகள் இருக்கின்றன.

* சிபிசிஐடி: பெரிய, சிக்கலான வழக்குகளை அரசோ நீதிமன்றமோ மாற்றிவிடும் பிரிவு. செய்திகளில் அதிகம் கேட்பது இதைத்தான்.
* குடிமைப் பொருள் சிஐடி: ரேஷன் அரிசிக் கடத்தலைப் பிடிப்பவர்கள்.
* கியூ பிரிவு, தனிப்பிரிவு: உளவு, தீவிரவாதத் தடுப்பு சம்பந்தப்பட்டவை.
* சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு சிஐடி: 1983-ல் தொடங்கப்பட்டது. கோயில் சிலைத் திருட்டுகளுக்கென்றே இருக்கும் பிரிவு.

இன்னொரு விஷயம். 'ஏசிபி' என்பது மாநகரக் காவல் ஆணையரகங்களில் மட்டும் இருக்கும் பதவி. திருச்சி மாநகரில் உண்டு. பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஏசிபியைத் தேடினால் கிடைக்க மாட்டார். இங்கே அதே அந்தஸ்தில் இருப்பவர் டிஎஸ்பி. அவருக்கு மேலே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், அதாவது எஸ்பி.

அரியலூருக்கு வந்த நிஜ சிஐடி

இப்போது நிஜக் கதைக்கு வருவோம். உடையார்பாளையம் பக்கம் இருக்கும் ஸ்ரீபுரந்தன் கிராமம். அங்கே சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோயில். பூஜை நின்று பூட்டிக் கிடந்த கோயில். உள்ளே வெண்கல நடராஜர் உள்ளிட்ட சிலைகள்.

2006-ல் பூட்டை உடைத்துச் சிலைகளைக் கடத்தினார்கள். அப்போது அந்த ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது, 2007 நவம்பரில்தான் அரியலூர் மீண்டும் தனி மாவட்டம் ஆனது. திருட்டு உடனே யாருக்கும் தெரியவில்லை. பாதுகாப்பு மையத்துக்குச் சிலைகளை மாற்றுவதற்காக 2008-ல் அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் உள்ளே சிலைகள் இல்லை என்பது தெரிந்தது.

அதற்குள் நடராஜர் கடல் தாண்டிவிட்டார். நியூயார்க்கில் சுபாஷ் கபூர் என்பவர் நடத்திய கலைப்பொருள் கடையில் இருந்து, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கியிருந்தது. 'பல வருடம் முன்பே இந்தியாவில் இருந்து வந்த சிலை' என்று காட்டும் போலி ஆவணங்களும் கூடவே.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கே எந்த சாலுங்கேவும் கிடையாது. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களின் சிலைகளைப் பல வருடங்களாகப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தையும், கலைக்கூடத்தில் இருந்த சிலையின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கோயில் சிலையும் கலைக்கூடச் சிலையும் ஒன்றேதான் என்று நிரூபணம் ஆனது. துப்பு கொடுத்தது, என்றோ யாரோ பொறுமையாக எடுத்துப் பத்திரப்படுத்திய ஒரு போட்டோ.

2014 செப்டம்பரில் இந்தியா வந்த அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், ஸ்ரீபுரந்தன் நடராஜரையும், விருத்தாசலம் கோயிலில் இருந்து போன அர்த்தநாரீஸ்வரரையும் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார்.

பக்கத்து ஊர் சுத்தமல்லியிலும் இதே கதை. அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் இருந்து சிலைகள் திருடப்பட்டு, 2008-ல் உடையார்பாளையம் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. பிறகு சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு சிஐடி கைக்குப் போனது. 2011 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கபூர் பிடிபட்டார். 2012 ஜூலையில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 வருடச் சிறைத் தண்டனை விதித்தது.

2008-ல் வழக்கு, 2022-ல் தீர்ப்பு. நடுவில் 14 வருடம். மூன்று கண்டங்கள். எத்தனையோ அதிகாரிகள் மாறினார்கள். இதை 40 நிமிடத்தில் யாராலும் காட்ட முடியாது.

டிவியில் காட்டுவது சட்டப்படி சரியா?

சரி, தொடரில் அடிக்கடி வரும் ஐந்து காட்சிகளை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களின்படி பார்க்கலாம்.

1. கதவை உடைக்கலாமா?
உடைக்கலாம், ஆனால் கடைசியாகத்தான். கைது செய்யப்பட வேண்டியவர் உள்ளே இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, உள்ளே விடும்படி கேட்க வேண்டும். அப்படியும் வழி கிடைக்கவில்லை என்றால்தான் உடைக்க முடியும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 44-வது பிரிவு சொல்வது இது. தயா முதலில் கதவைத் தட்ட வேண்டும்!

2. அறைந்து உண்மையை வாங்கலாமா?
கூடாது. அதோடு, போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியமாக நிரூபிக்க முடியாது. இது வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி, புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அதாவது, கடைசிக் காட்சியில் குற்றவாளி அழுதுகொண்டே 'ஆமா, நான்தான் செய்தேன்' என்று சொல்வதால் மட்டும் வழக்கு நிற்காது.

3. உண்மை கண்டறியும் சோதனை?
சம்மதம் இல்லாமல் யாருக்கும் செய்யக்கூடாது என்று 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மயக்க மருந்து கொடுத்துக் கேட்பதும் இதில் அடங்கும்.

4. ஒரே டாக்டர் எல்லாம் செய்வாரா?
மாட்டார். பிரேதப் பரிசோதனை செய்பவர் அரசு மருத்துவமனை மருத்துவர். உள்ளுறுப்பு, ரத்தம், துணி போன்றவை தடயவியல் ஆய்வகத்துக்குப் போகும். தமிழ்நாட்டின் தடயவியல் துறை, 1849-ல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தில் இருந்து வளர்ந்தது. ரிப்போர்ட் வர நாள் ஆகும்.

5. 'உனக்குத் தூக்குதான்' என்று போலீஸ் சொல்லலாமா?
டிவியில் கைதட்டல் வாங்கலாம், ஆனால் தண்டனையை முடிவு செய்வது நீதிபதி. மரண தண்டனை 'அரிதிலும் அரிதான' வழக்குகளில் மட்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்ல வேண்டும்?

சும்மா பொழுதுபோக்குத்தானே, இதில் என்ன இருக்கு என்று தோன்றலாம். ஆனால் திரையில் ஒரு அறை விழும்போது நாம் கைதட்டுகிறோம். அறை வாங்குபவர் குற்றவாளி என்று கதாசிரியர் முன்பே முடிவு செய்துவிட்டதால் நமக்கு உறுத்துவதில்லை. நிஜக் காவல் நிலையத்தில் அப்படி யாரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை.

நமக்குப் பக்கத்து கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993-ல் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துச் செல்லப்பட்ட முதனை கிராமத்துப் பழங்குடி இளைஞர் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அதுதான் 2021-ல் 'ஜெய் பீம்' படமாக வந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் போலீஸ் பிடித்துச் சென்ற பிறகு உயிரிழந்தார்கள். நாடே பேசியது. அதே வருடம் டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி கேமரா இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் 'சிஎஸ்ஐ' தொடர் 2000-ல் வந்த பிறகு, ஒவ்வொரு வழக்கிலும் டிஎன்ஏ, கைரேகை இருக்கும் என்று மக்கள் எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள் என்ற விவாதம் கிளம்பியது. 'சிஎஸ்ஐ விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். நம்ம ஊரிலும் 'இன்னுமா கண்டுபிடிக்கல?' என்ற கேள்வி இரண்டாவது நாளே வந்துவிடுகிறது. நேர்மையாக, நிதானமாக விசாரிக்கும் அதிகாரிக்கு அந்த அழுத்தம் சுமை. யாரையாவது பிடித்துக் காட்டினால் போதும் என்ற நிலைக்கும் அது தள்ளிவிடலாம்.

டிவி சொல்லித்தராத, நீங்கள் தெரிந்துவைக்க வேண்டிய 6 விஷயங்கள்

* சம்பவ இடத்தில் கால் வைக்காதீர்கள். கூட்டமாக நின்று செல்போனில் படம் எடுப்பது, பொருளைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் தடயத்தை அழிக்கும். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். இதை ஐந்து வருடத்துக்குள் நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு அவகாசம் உண்டு.
* எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'இது எங்க எல்லை இல்ல' என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை.
* எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.
* புகாரை வாங்க மறுத்தால், எழுத்துப்பூர்வமாக மாவட்ட எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.
* கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டம் தரும் உரிமை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.
* வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும். போய்க் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஒரு கூடுதல் தகவல்: உங்கள் ஊர்க் கோயிலில் பழைய சிலைகள் இருந்தால், அவற்றின் தெளிவான படங்கள் எங்கேயாவது பத்திரமாக இருக்கின்றனவா என்று நிர்வாகத்திடம் கேட்டு வையுங்கள். ஸ்ரீபுரந்தன் நடராஜர் வீடு திரும்பக் காரணமாக இருந்தது அப்படி ஒரு படம்தான்.

'சிஐடி'யை ரசிப்பதில் எந்தத் தப்பும் இல்லை. தயா கதவை உடைக்கட்டும், சாலுங்கே சட்டென்று ரிப்போர்ட் கொடுக்கட்டும். நம்ம வீட்டுக் கதவை யாராவது தட்டினால் என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் நமக்குத் தெரிந்திருக்கட்டும்.